நான்கு விரல் கோடு

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இருந்த டிரெக்சல் தொழில்நுட்பக் கல்லூரிக்கு உள்ளூர் மளிகைக் கடைத் தொடர் ஒன்றின் தலைவர் வந்திருந்தார். டீனிடம் அவர் கேட்டது ஒரே ஓர் உதவி. வாடிக்கையாளர் கூடையில் எடுத்துவரும் பொருள் எது என்பதைக் கல்லா மேசையிலேயே தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றைக் கல்லூரி ஆராய்ந்து செய்து தர வேண்டும். டீன் மறுத்துவிட்டார். வந்தவர் வெறுங்கையோடு கிளம்பினார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்து மறைந்திருக்கும், பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் அதைக் காதில் வாங்காமல் இருந்திருந்தால்.

அவர் பெயர் பெர்னார்ட் சில்வர். கேட்டதை நேராகக் கொண்டுபோய் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கொட்டினார். உட்லண்டுக்கும் அப்போது இருபதுகளில் வயது. அதற்குள் அவர் அணுகுண்டுத் திட்டத்தில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். கல்லூரி நாட்களில் மின்தூக்கிகளில் ஒலிக்கும் இசைக்கு மேம்பட்ட ஒரு கருவியை வடிவமைத்து, அதையே தொழிலாக்க நினைத்தவர். அவருடைய அப்பா குறுக்கே நின்றார். அந்த வியாபாரம் ரவுடிக் கும்பல்களின் கையில் இருப்பதாக அவர் நம்பினார். மகன் அதில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவின் பேச்சைக் கேட்டு மகன் கல்லூரிக்குத் திரும்பினார். அதனால்தான் சில்வர் தேடிவந்தபோது உட்லண்ட் அங்கே இருந்தார்.

கடைத் தலைவரின் தவிப்பு நியாயமானது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்க, வாடிக்கையாளர் வாங்கிப்போகும் பழைய முறை அமெரிக்காவில் தேய்ந்து, அலமாரியிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. கடை அகலமாகியது, பொருள்கள் பெருகின, கூட்டம் குவிந்தது. அத்தனையும் வெளியேற இருந்த வாசலோ கல்லா ஒன்றுதான். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஊழியர் ஒருவர் கையால் விலையை அச்சுக் குத்தியிருப்பார். கேஷியர் டப்பாவைத் திருப்பித் திருப்பி அந்த விலையைத் தேடுவார், கண்டுபிடித்து இயந்திரத்தில் தட்டுவார். விரல் தவறினால் நஷ்டம் கடைக்கோ வாடிக்கையாளருக்கோ. ஒரு பொருளின் விலை மாறினால் அலமாரியில் இருக்கும் அத்தனை டப்பாக்களிலும் பழைய விலையை அழித்துப் புதிதாகக் குத்த வேண்டும். நூறு ரூபாய்க்கு விற்றால் ஒன்றோ ஒன்றரையோ மிஞ்சும் வியாபாரத்தில் இந்தக் கூலியும் இந்தப் பிழைகளும் லாபத்தையே தின்றுகொண்டிருந்தன.

நண்பர்கள் முதலில் நம்பியது புற ஊதா ஒளியில் ஒளிரும் மையை. பொருளின் மேல் அந்த மையால் குறியிட்டால் கருவி அதைப் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. செய்து பார்த்தார்கள். மை வேலை செய்தது. சில நாளில் வெளிறியும் போனது. விலையும் கட்டுப்படியாகவில்லை. இந்த ஒரு தோல்வியே பலரைக் கைவிட வைத்திருக்கும். உட்லண்ட் செய்தது நேர்மாறு. கையில் இருந்த சில பங்குகளை விற்றுச் செலவுக்குப் பணம் பண்ணிக்கொண்டு, கல்லூரியை விட்டுவிட்டு, ஃபுளோரிடாவின் மியாமி பீச்சில் தாத்தாவுக்கு இருந்த குடியிருப்புக்குப் போய்விட்டார்.

1949 ஜனவரி. கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொருளுக்கு ஒரு குறி வேண்டும், அந்தக் குறி ஏதோ ஒரு மொழியில் பேச வேண்டும். அவருக்குத் தெரிந்த குறிமொழி ஒன்றே ஒன்று: சிறுவயதில் சாரணர் படையில் கற்ற மோர்ஸ் தந்திக் குறி. புள்ளியும் கோடும். யோசனையோடே நான்கு விரல்களை மணலில் ஊன்றினார், ஏன் என்று தெரியாமலே கையைத் தன் பக்கமாக இழுத்தார். மணலில் நான்கு கோடுகள். புள்ளியை இழுத்தால் மெல்லிய கோடு, கோட்டை இழுத்தால் தடித்த கோடு! அகலத்தில் சேதி ஒளிந்திருக்கலாம். சில நொடிகளில் இன்னொரு எண்ணம் ஓடிவந்தது. அதே விரல்களை மணலில் வட்டமாகச் சுழற்றினார். கோடுகள் வளையங்களாயின. வளையமாக இருந்தால் பொருளை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கருவியால் படிக்க முடியும். அந்த நொடியில் வளையம் கோட்டைத் தோற்கடித்தது. அந்தத் தீர்ப்பு திருத்தி எழுதப்பட இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

படிப்பதற்கான வழியை உட்லண்ட் திரைப்படத்திலிருந்து எடுத்தார். படச்சுருளின் ஓரத்தில் ஒலியை வெளிச்சமும் நிழலுமாகப் பதிந்து, அதன் வழியே ஒளியைப் பாய்ச்சி, மின்துடிப்பாக்கி, மீண்டும் ஒலியாக்கும் முறையை லீ டி ஃபாரஸ்ட் 1920களில் கொண்டுவந்திருந்தார். படச்சுருளில் ஒளி ஊடுருவிப் போகும். டப்பாவில் பட்டுத் திரும்பும். வித்தியாசம் அவ்வளவுதான். 1949 அக்டோபர் 20 அன்று இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கோடு, வளையம் இரண்டும் விண்ணப்பத்தில் இருந்தன. 1952 அக்டோபர் 7 அன்று காப்புரிமை கைக்கு வந்தது.

இடையில் 1951இல் உட்லண்ட் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் அவர் வீட்டுக் கூடத்திலேயே முதல் கருவி உருவாயிற்று. மேசை அளவுக்குப் பெரியது. வெளியொளி உள்ளே புகாதபடி கறுப்பு மெழுகுத்துணியால் மூடியது. உள்ளே 500 வாட் குண்டு பல்பு, ஒளியை மின்துடிப்பாக்கும் குழல், துடிப்பைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப். கோடு போட்ட காகிதத்தை நகர்த்தினார்கள். ஆஸிலோஸ்கோப்பின் திரையில் அலை அசைந்தது. அச்சிட்ட குறியை ஒரு கருவி படித்துவிட்டது! அதே வேளையில் காகிதம் புகைய ஆரம்பித்தது. பல்பின் வெளிச்சத்தில் மிகச் சிறு பங்குதான் படிப்பதற்குப் பயன்பட்டது, மீதியெல்லாம் வெப்பம். ஒரு புள்ளியில் குவிந்த, சூடில்லாத, கூர்மையான ஒளி வேண்டும். அப்படி ஓர் ஒளி அன்று உலகத்தில் இல்லை. படித்ததைக் கணக்குப் போட மலிவான, சிறிய கணினியும் இல்லை.

எண்ணம் காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்டது. ஐபிஎம் காப்புரிமையை விலைக்குக் கேட்டுப் பார்த்தது. சொன்ன தொகை நண்பர்களுக்குப் போதவில்லை. 1962இல் ஃபில்கோ நிறுவனம் 15,000 டாலர் கொடுத்து வாங்கியது. அந்தக் கண்டுபிடிப்பால் இருவரும் கண்ட மொத்தப் பணம் அதுதான். அடுத்த ஆண்டே பெர்னார்ட் சில்வர் இறந்துபோனார். வயது 38. தான் ஒட்டுக்கேட்ட ஒரு வேண்டுகோள் உலகத்தின் கல்லாக்களை மாற்றப்போவதை அவர் பார்க்கவில்லை. ஃபில்கோ அந்தக் காப்புரிமையை ஆர்சிஏ நிறுவனத்துக்கு விற்றது. 1969இல் அதன் ஆயுளும் முடிந்தது. அதுவரை எந்தக் கடையிலும் ஒரு பொருள்கூட அந்த முறையில் விற்பனையாகவில்லை.

கோடுகள் முதலில் ஓடியது கடையில் அல்ல, தண்டவாளத்தில். சில்வேனியா நிறுவனத்தின் டேவிட் காலின்ஸ் சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் வண்ணப் பட்டைகள் ஒட்டி, ஓடும் ரயிலை அடையாளம் காணும் முறையை உருவாக்கினார். 1967இல் அமெரிக்க ரயில்வேக்கள் அதை ஏற்றன. புழுதியும் பனியும் பட்டைகளை மூடின, துடைப்பாரில்லை, பத்தாண்டுக்குள் திட்டம் படுத்தது. காலின்ஸ் அதற்குள் விலகி, 1960இல் தியோடர் மெய்மன் கலிஃபோர்னியாவில் பிறப்பித்திருந்த லேசரைக் கையில் எடுத்துவிட்டார். உட்லண்டின் பல்புக்கு மாற்று கிடைத்துவிட்டது. இழை போல மெல்லிய ஒளி, காகிதத்தைக் கருக்காத ஒளி.

1970இல் அமெரிக்காவின் உணவுப் பொருள் தயாரிப்பாளர்களும் கடைத் தொடர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் எப்போதும் இழுபறி உள்ள தொழிலில் அதுவே பெரிய செய்தி. ஹைன்ஸ் நிறுவனத்தின் பர்ட் குக்கின் தலைமையில் குழு அமைந்தது. ஒரு கடைக்கு ஒரு குறி, இன்னொரு கடைக்கு வேறு குறி என்று போனால் தயாரிப்பாளர் எதைத்தான் அச்சடிப்பார்? நாடு முழுவதற்கும் ஒரே குறி வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க ஆலன் ஹேபர்மன் தலைமையில் தனிக் குழு. பந்தயத்தில் முன்னால் நின்றது ஆர்சிஏ. கையில் உட்லண்டின் வளையம்.

1971இல் மளிகைத் துறையினரின் கூட்டம் ஒன்றில் ஆர்சிஏ வளையக் குறியிட்ட வட்டத் தகரங்களைக் கொடுத்தது. கருவி படிக்கும்போது சரியான எண் வந்தால் பரிசு. கூட்டம் அலைமோதியது. அதைப் பார்த்து ஐபிஎம்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. மிகப்பெரிய சந்தை ஒன்று கையை விட்டுப் போகிறது. அப்போதுதான் அவர்களில் ஒருவரான அலெக் ஜப்லொனோவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த வளையத்தைக் கண்டுபிடித்த ஆள் இருபது வருஷமாக நம் கம்பெனியிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாரே!

உட்லண்டை வட கரோலினாவுக்கு மாற்றினார்கள். அங்கே ஜார்ஜ் லாரர் என்ற பொறியாளர் இருந்தார். பதின்ம வயதில் இளம்பிள்ளை வாதத்தில் விழுந்து எழுந்தவர். போர் முடிந்து திரும்பி ரேடியோ, டிவி ரிப்பேர் படிக்கப் போனவரை, ஆசிரியர் ஒருவர்தான் கல்லூரிக்குப் போகச் சொல்லித் திருப்பிவிட்டார். லாரருக்கு வந்த உத்தரவு எளிமையானது: வளையக் குறியே சிறந்தது என்று அறிக்கை எழுது. லாரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். குறி ஒன்றரைச் சதுர அங்குலத்துக்குள் அடங்க வேண்டும், பத்து இலக்கங்களைத் தாங்க வேண்டும், 20,000 முறை படித்தால் ஒரு தவறுக்கு மேல் வரக் கூடாது. வளையம் இதில் தேறாது என்று அவர் முடிவுக்கு வந்தார். நம்பாத ஒன்றை எழுத மனம் ஒப்பவில்லை. மேலாளர் விடுமுறையில் போயிருந்த நாட்களில், சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றை வரையத் தொடங்கினார்.

வளையத்தை வீழ்த்தியது மை. வேகமாக ஓடும் அச்சு இயந்திரத்தில் காகிதம் போகும் திசையில் மை லேசாக இழுபடும். வளையத்தில் அந்த இழுப்பு ஒரு பக்கத்து இடைவெளியை நிரப்பிவிடும். குறி படிக்கவே படிக்காது. நேர்க்கோடுகளைக் காகிதம் ஓடும் திசைக்கே இணையாக அச்சடித்தாலோ, மை இழுபட்டால் கோடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அகலம் மாறாது. சேதி இருப்பது அகலத்தில். மியாமி மணலில் சில நொடிகள் மட்டும் உயிரோடு இருந்த அந்த நான்கு நேர்க்கோடுகள் மறுபடி எழுந்து நின்றன.

லாரரின் வடிவமைப்பில் இருந்த நுட்பம் இன்றைக்கும் வியக்க வைக்கிறது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் இரண்டு கறுப்புக் கோடு, இரண்டு வெள்ளை இடைவெளி, மொத்தம் ஏழு பங்கு அகலம். குறியை நடுவில் இரண்டாகப் பிரித்தார். வலது பாதியில் ஓர் இலக்கத்தின் வடிவம் இடது பாதியில் அதற்கு உள்ள வடிவத்தின் நேர் எதிர்: அங்கே கறுப்பு என்றால் இங்கே வெள்ளை. அதனால் டப்பாவைத் தலைகீழாக நீட்டினாலும் எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பது கருவிக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாதியும் அகலத்தைவிட உயரம் கூடியது. பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரண்டு லேசர் கதிர்களில் ஏதாவது ஒன்று, டப்பா எந்தக் கோணத்தில் போனாலும், ஒரு பாதியை முழுதாக வெட்டிக் கடக்கும். வளையம் தரும் என்று உட்லண்ட் நம்பிய வசதியை நேர்க்கோடே தந்துவிட்டது. கடைசி இலக்கம் காவலாள். மற்ற இலக்கங்களைக் கூட்டிப் பெருக்கிக் கிடைப்பது அது. படித்ததில் பிழை இருந்தால் கணக்கு இடிக்கும், கருவி ஏற்காது.

மேலதிகாரியை நம்பவைக்க வேண்டிய நாள் வந்தது. செயல்விளக்கம் சிக்கலில்லாமல் முடிந்தது. அதோடு நிற்காமல், சாஃப்ட்பால் விளையாட்டில் கைதேர்ந்த ஒருவரை அழைத்துவந்து, அடியில் குறி ஒட்டிய, சிறு மணிகள் நிரப்பிய பை பொருத்திய சாம்பல் கிண்ணங்களை ஸ்கேனருக்கு மேலே முடிந்த வேகத்தில் வீசச் சொன்னார்கள். பறந்துபோன ஒவ்வொன்றையும் கருவி சரியாகப் படித்தது. அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆர்சிஏயும் சும்மா இருக்கவில்லை. 1972 ஜூலை 3 முதல் சின்சினாட்டியில் க்ரோகர் நிறுவனத்தின் கடை ஒன்றில் வளையக் குறியை உண்மையான வாடிக்கையாளர்களிடம் சோதித்துக் கொண்டிருந்தது. நடைமுறை அனுபவம் முழுக்க அவர்கள் பக்கம். ஐபிஎம் பக்கம் இருந்தது எந்தக் கடையையும் இன்னும் பார்க்காத ஒரு வடிவமும் கணக்கும். 1973 ஏப்ரல் 3 அன்று ஹேபர்மன் குழுவின் முடிவு வெளியானது. வென்றது நேர்க்கோடு. உட்லண்டின் வளையத்தை உட்லண்ட் இருந்த அணியே தோற்கடித்தது. அந்த வடிவத்துக்கு ஐபிஎம் உரிமைத்தொகை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று பொதுவில் விட்டது. அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் அத்தனை வேகத்தில் நடந்திருக்காது என்றே தோன்றுகிறது.

ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் ஒரு சிற்றூர். கல்லா இயந்திரங்களுக்குப் பேர்போன என்சிஆர் நிறுவனத்தின் தலைமையகம் இருந்த டேட்டன் பக்கத்தில்தான். 1974 ஜூன் 25 இரவு அங்கிருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் விளக்கு அணையவில்லை. ஊழியர்கள் நூற்றுக்கணக்கான பொருள்களில் குறிச்சீட்டு ஒட்டினார்கள். என்சிஆர் ஆட்கள் ஸ்கேனர்களையும் கணினியையும் பொருத்தினார்கள். மறுநாள் காலை 8 மணி 1 நிமிடம். கடையின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் க்ளைட் டாசன் கூடையிலிருந்து ஒரு பொருளை எடுத்து நீட்டினார். கேஷியர் ஷாரன் புக்கானன் அதைக் கண்ணாடிப் பலகைக்கு மேலே நகர்த்தினார். இயந்திரம் 67 சென்ட் என்றது. ரிக்லி நிறுவனத்தின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம், பத்துப் பாக்கெட் கொண்ட கட்டு. அத்தனை சிறிய பொருளில் குறியை அச்சடிக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்ததால் அதையே முதலில் எடுத்ததாகச் சொல்வார்கள். இந்த நேர்க்கோட்டுப் பார்கோடை ஸ்கேன் செய்து உலகத்தில் முதன்முதலாக விற்ற பொருள் அது. இன்று சோப்பு, பிஸ்கட், மருந்து, புத்தகம் என்று எல்லாவற்றின் முதுகிலும் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒட்டிக் கிடக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பேசிய முதல் வார்த்தை ஒரு சூயிங்கத்தின் விலை.

உண்மையில் அந்த விலையைக் கோடுகள் சொல்லவில்லை. பார்கோடில் விலையே கிடையாது. எந்த நிறுவனம், அதன் எந்தப் பொருள் என்ற எண் மட்டும்தான் உள்ளே இருக்கிறது. (கடையில் எடை போட்டு ஒட்டும் இறைச்சி, காய்கறிச் சீட்டு மட்டும் விதிவிலக்கு, அதில் தொகையும் இருக்கும்.) ஸ்கேனர் எண்ணைப் படிக்கிறது, கடையின் கணினி பட்டியலைப் பார்த்து விலை சொல்கிறது. 1948இல் கேட்டது வரிசையைக் குறைக்க ஒரு கருவி. கிடைத்ததோ அதைவிடப் பெரியது. பொருளின் மேல் இருந்த விலை பொருளை விட்டுக் கழன்று, கடைக்காரர் மட்டும் தொடக்கூடிய கணினிக்குள் போய்விட்டது. சண்டை இதில்தான் மூண்டது.

கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் கடை முழுக்க விலை மாறும் என்றால், டப்பாவில் எதற்கு விலைச் சீட்டு? அலமாரியின் விளிம்பில் ஒரு சீட்டுப் போதும் என்றார்கள் கடைக்காரர்கள். கூலி மிச்சமாகும் என்பதே அவர்கள் போட்ட கணக்கின் அடித்தளம். நுகர்வோர் அமைப்புகள் கொதித்தன. அலமாரியில் பார்த்த விலை ஒன்று, கல்லாவில் கேட்கும் விலை இன்னொன்று என்றால் வாடிக்கையாளர் எதை வைத்து வாதாடுவார்? கடை ஊழியர் சங்கங்கள் வேலை பறிபோகும் என்று அஞ்சி அவர்களோடு சேர்ந்துகொண்டன. இரண்டுமே வெற்றுப் பயமல்ல. ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டியே தீர வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் இயற்றின. மிச்சிகன் 1976இல் இன்னும் ஒரு படி மேலே போனது. கல்லாவில் கூடுதலாக வாங்கிவிட்டு இரண்டு நாளில் சரிசெய்யாவிட்டால், வித்தியாசத்தொகையோடு அதன் பத்து மடங்கையும், 1 டாலருக்குக் குறையாமல் 5 டாலருக்கு மிகாமல், கடை கட்ட வேண்டும்.

எதிர்ப்பு ஒரு பக்கம், தயக்கம் இன்னொரு பக்கம். பொருள்களில் பார்கோடு இல்லையே என்று கடைகள் ஸ்கேனர் வாங்கவில்லை. கடைகளில் ஸ்கேனர் இல்லையே என்று தயாரிப்பாளர்கள் பார்கோடு அச்சடிக்கவில்லை. 1976இல் பிசினஸ் வீக் இதழ் சூப்பர் மார்க்கெட் ஸ்கேனர் தோற்றுவிட்டதாகத் தலைப்பே போட்டது. கோடுகளைச் சாத்தானின் எண்ணோடு முடிச்சுப் போட்டுப் பயமுறுத்தியவர்களும் உண்டு. குறியின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் உள்ள எல்லைக் கோடுகள் 6 என்ற இலக்கத்தைப் போலத் தெரிவதால் வந்த வதந்தி அது. அது வெறும் தற்செயல் என்று லாரர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இரங்கற்பா எழுதப்பட்ட அந்தப் பொருளை மீட்டது பெருங்கடைகள். 1980களில் கே மார்ட் போன்ற பெரிய தொடர்கள் பார்கோடு இல்லாத சரக்கை வாங்கத் தயங்கியபோது, தயாரிப்பாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்புறம் கல்லாவில் நடந்ததை ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஸ்கேனர் வந்த தொடக்க ஆண்டுகளில் கடை ஊழியரின் உற்பத்தித் திறன் சராசரியாக 4.5 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது என்று பொருளியலாளர் எமெக் பாஸ்கர் கணக்கிட்டார். விலை குறைந்ததும் உண்டு. ஆனால் கொஞ்சம்தான், மெதுவாகத்தான். பில் போடும் வேகத்தைவிடப் பெரிய மாற்றம் பில்லில் வந்தது. முன்பு வெறும் தொகைகள் வரிசையாக அச்சான காகிதத்தில் இப்போது பொருளின் பெயரும் விலையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்க ஓர் ஆதாரம் கிடைத்தது.

ஸ்கேனர் ஏமாற்றுமா என்ற கேள்வி இருபது ஆண்டுகள் ஓயவில்லை. 1996இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் வேறு அரசு அமைப்புகளும் நூற்றுக்கணக்கான கடைகளில் 17,000க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தன. ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்தில் கணினி விலையும் அலமாரி விலையும் ஒத்துப்போகவில்லை. குறைத்து வாங்கிய பிழைகள் கூட்டி வாங்கியவற்றைவிடச் சற்று அதிகம் என்பது யாரும் எதிர்பாராதது. கருவியில் குற்றமில்லை, விற்பனைத் தள்ளுபடி தொடங்கும்போதும் முடியும்போதும் கணினியிலும் அலமாரியிலும் ஒரே நேரத்தில் விலையை மாற்றாத கடைகள்தான் தவறின. விலை ஒட்டும் சட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது தெரியவந்தது. அந்தச் சட்டம் இருந்த நியூயார்க்கையும் இல்லாத நியூ ஜெர்சியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சட்டம் இருந்த இடத்தில் பொருளுக்குச் சுமார் 25 சென்ட் அதிகம் என்றது. டப்பாவில் சீட்டு ஒட்டும் கூலியையும் வாங்குபவரே கட்டிக்கொண்டிருந்தார். மிச்சிகன் 2011இல் ஒட்டும் கட்டாயத்தை நீக்கியது. பத்து மடங்கு இழப்பீட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. இரண்டில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த மாநிலம் சரியாகவே கண்டுகொண்டது.

1992இல் கோடுகளின் கதை வெள்ளை மாளிகை வரை போயிற்று. அந்தப் பிப்ரவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஃபுளோரிடாவில் மளிகை வியாபாரிகளின் மாநாட்டுக்குப் போனார். அங்கே ஒரு ஸ்கேனரைப் பார்த்து வியந்தார். கடைக்குப் போயே பழக்கமில்லாத அதிபர், சாதாரண மக்களின் வாழ்க்கை தெரியாதவர் என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. தேர்தல் ஆண்டு வேறு. உண்மையில் அவருக்குக் காட்டியது கிழிந்து கலைந்த பார்கோடையும் படிக்கும் புதுக் கருவி. திருத்தம் யார் காதிலும் ஏறவில்லை. அதே ஆண்டில் அதே புஷ் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர், மணலில் நான்கு விரல்களை இழுத்த நார்மன் ஜோசப் உட்லண்ட்.

கோடுகள் அமெரிக்காவுக்குள் அடங்கவில்லை. பன்னிரண்டு இலக்கம் பதின்மூன்றாக வளர்ந்து 1977இல் ஐரோப்பாவுக்குப் போனது, பிறகு உலகத்துக்கு. இந்திய நிறுவனங்கள் பதிவு செய்த எண்கள் 890 என்று தொடங்குகின்றன, இலங்கையுடையவை 479 என்று. பொருள் எங்கே தயாரானது என்பதை அந்த மூன்று இலக்கம் காட்டாது; எண் எங்கே பதிவானது என்பதை மட்டுமே காட்டும். இந்தியாவில் பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சடிப்பது சட்டப்படி கட்டாயம். மிச்சிகன்காரர்கள் போராடிப் பெற்ற அந்த எழுத்து இங்கே பார்கோடுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லாவில் கணினி அதைத் தாண்டிக் கேட்க முடியாது. அதற்குக் கீழே எவ்வளவு தள்ளுபடி, எந்த நாளில், யாருக்கு என்பதெல்லாம் கணினியின் முடிவு.

உட்லண்ட் 2012 டிசம்பரில் 91 வயதில் இறந்தார், லாரர் 2019 டிசம்பரில் 94 வயதில். லாரரின் கோடுகளால் தாங்க முடியாத ஒன்று உண்டு: பாக்கெட் எந்த நாளில் கெட்டுப்போகும் என்ற சேதி. ஒரே பிஸ்கட்டின் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே எண் என்பதால் பழையதையும் புதியதையும் ஸ்கேனர் பிரித்தறியாது. அதைச் சொல்லக்கூடிய சதுரக் கட்டக் குறியைக் கல்லாவிலேயே படிக்கத் தயாராகும்படி, பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு உலகக் கடைகளுக்கு வைத்திருக்கும் கெடு 2027. காலாவதியான பாக்கெட்டுக்குக் கல்லா பில் போட மறுக்கும் வேலையை இனி அந்தச் சதுரம் செய்யும்.